உயிர்நீத்த தீயணைப்பு, மீட்புப் பணியாளர்களுக்குச் சேலத்தில் ஒரு பொது நினைவுக்கல்: எங்கே, யார் யார் பெயரோடு?

மலையடிவாரம் | ஏப்ரல் 14, இரவு 9.20

இன்று காலை எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தில் நீத்தார் நினைவு நாள் கடைப்பிடிக்கப்பட்டது. சித்திரை முதல் நாளும் அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளும் ஒன்றாக வருவதால் தெருவில் கோவிலுக்குப் போகிறவர்களும், சிலைக்கு மாலை கொண்டு போகிறவர்களும் நிறைந்திருந்தார்கள். நிலைய வளாகத்துக்குள் சீருடையில் பதினைந்து பேர் வரிசையாக நின்றார்கள். நினைவுத் தூணுக்கு முந்தின நாள்தான் சுண்ணாம்பு அடித்திருக்க வேண்டும். மலர்வளையத்தை வைத்துவிட்டு நிமிர்ந்த அலுவலரின் விரல்களில் வெள்ளை ஒட்டியிருந்தது. சங்கு ஒலித்ததும் எதிர்வீட்டு அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓடிவந்து, "எங்கே தீப்பிடித்தது?" என்று கேட்டார். தீ இல்லை, இறந்துபோன வீரர்களுக்கு நினைவு நாள் என்றேன். "யார் இறந்தது?" என்று கேட்டார். நான் தூணைப் பார்த்தேன். "பணியின்போது இன்னுயிர் ஈந்தோர் நினைவாக" என்ற ஒரு வரியைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. இந்த ஊரில் ஐம்பது ஆண்டுகளாக வாழும் என்னால் ஒரு பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை.

இந்த நாள் ஏன் ஏப்ரல் 14 என்பதைப் பலரும் அறியாததால் இங்கே எழுதி வைக்கிறேன். 1944ஆம் ஆண்டு இதே நாளில் பம்பாய் விக்டோரியா துறையில் நின்றிருந்த 'ஃபோர்ட் ஸ்டைக்கின்' என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. ஒரே கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளையும் பஞ்சுப் பொதிகளையும் ஏற்றியிருந்தார்கள். பிற்பகல் முழுவதும் தீயணைப்புப் படையினர் கப்பலின் சரக்கறைக்குள் நீரைப் பாய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். மாலை நான்கு மணியைத் தாண்டியதும் கப்பல் வெடித்தது. அந்த அதிர்வு சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவியில் பதிவாகும் அளவுக்கு இருந்தது. இறந்த பல நூறு பேரில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்களுக்கு மும்பை பைகுல்லாவில் உள்ள தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. நாடு முழுவதும் அந்த நாளையே தீத்தொண்டு நாளாகவும், அதைத் தொடரும் வாரத்தைத் தீத்தொண்டு வாரமாகவும் கொண்டாடுகிறோம்.

சேலத்தில், நிலைய மதிலுக்கு வெளியே, பொதுமக்கள் நடந்துபோகும் ஓர் இடத்தில், பெயர்களோடு கூடிய நினைவுக்கல் ஒன்று வேண்டும் என்பது என் எண்ணம். மாநகராட்சியிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் மனு கொடுப்பதற்கு முன், கல் எங்கே நிற்க வேண்டும், அதில் யார் பெயர் இருக்க வேண்டும், என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை இங்கே பேசி முடிவுசெய்ய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற தீயணைப்போர் | ஏப்ரல் 14, இரவு 10.45

ஐயா, உங்கள் அக்கறைக்கு வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் இந்தச் சீருடையை அணிந்தவன் என்ற முறையில் உங்களோடு உடன்படாமல் ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் தீ அழைப்புக்குக் குறையாமல் கிணற்று அழைப்பு வரும். ஒருமுறை, மோட்டார் பழுதுபார்க்க எண்பதடிக் கிணற்றில் இறங்கிய இருவர் மயங்கிவிட்டதாக அழைப்பு வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்களிடம் மூச்சுக்கருவி இல்லை. இருந்த ஒன்று பழுதாகி மாதக் கணக்காகியிருந்தது. அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். இருபத்தைந்து அடியைத் தாண்டியதும் சுடர் சுருங்கி, நீலமாகி, அணைந்தது. அதற்குக் கீழே ஆள் போகக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கிணற்று மேட்டில் அந்த இருவரில் ஒருவனுடைய தாய் மண்ணை அள்ளி வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தார். என் கூட்டாளி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நாலைந்து நிமிடத்தில் கயிறு ஆடுவது நின்றது. ஏழு பேர் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்தபோது உதடு நாவற்பழம் தின்றவனைப் போல் இருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், இன்றும் என் வீட்டுக்கு வந்துபோகிறார். கீழே இருந்தவர்கள் பிழைக்கவில்லை.

2020 சூலையில் பெரம்பலூர் அருகே இதேபோல் கிணற்றில் மயங்கியவர்களை மீட்க இறங்கிய தீயணைப்பு வீரர் ஒருவர் நச்சுக்காற்றில் இறந்துபோன செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே, கல்லுக்குத் திரட்டும் பணத்தில் நிலையத்துக்கு இரண்டு மூச்சுக்கருவி வாங்கிக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். எங்களுக்குக் கல் வேண்டாம். உயிரோடு வீடு திரும்ப வேண்டும்.

கல்லெழுத்து | ஏப்ரல் 15, காலை 6.30

மேலே பெரியவர் எழுதியதை இரவு படித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தேன். அவர் சொல்வது நியாயம். ஆனால் கல்லும் மூச்சுக்கருவியும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை நம் மாவட்டத்தின் பழைய கற்களைக் கொண்டே காட்ட முடியும் என்று நினைக்கிறேன்.

1965 வரை தருமபுரியும் நம் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அந்தப் பழைய சேலமும் அதை ஒட்டிய செங்கம் வட்டாரமும் தமிழ்நாட்டிலேயே நடுகற்கள் மிகுந்த நிலம். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு படிநிலையாகச் சொல்கிறது. கல்லைத் தேடிக் கண்டெடுப்பதில் தொடங்கி வாழ்த்துவதில் முடிகிறது. அந்தக் கற்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதே நமக்குப் பாடம். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எவருடைய ஆள், எந்த மாட்டு மந்தையை மீட்கப் போய் எப்படிப் பட்டான், அவன் பெயர் என்ன என்பதை நாலைந்து வரிக்குள் சொல்லிவிடுகிறார்கள். செங்கம் பகுதியில் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுகளைக் காக்கப் போராடி இறந்த வீரனோடு, கள்வரைக் கடித்துநின்ற அவனுடைய நாயையும் அதில் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. சென்ற பத்தாண்டில் நமக்காக இறந்த மனிதர்களின் பெயர் நம் ஊர்த் தெருவில் எங்கும் இல்லை.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். 'இன்னுயிர் ஈந்தோர் நினைவாக' என்று மட்டும் எழுதினால் அந்தக் கல் எவரையும் எதுவும் கேட்காது. 'கிணற்றில் மயங்கியவர்களை மீட்க இறங்கி நச்சுக்காற்றால் இறந்தார்' என்று எழுதினால், அந்த வழியாகப் போகும் பள்ளிப் பிள்ளை தன் ஆசிரியரிடம், "அவரிடம் மூச்சுக்கருவி இல்லையா?" என்று கேட்கும். காரணம் எழுதிய கல், ஆண்டு முழுவதும் அங்கேயே நின்று மூச்சுக்கருவி கேட்டுக்கொண்டிருக்கும். நடுகல் நம் முன்னோருக்கு வழிபாட்டுப் பொருளாக மட்டுமின்றி ஊர் அறிய வைத்த சாட்சியாகவும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

இதே காரணத்தால் 'தியாகி' என்ற சொல்லைக் கல்லில் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. தியாகம் என்றவுடன் அவரே விரும்பி உயிரைக் கொடுத்தார் என்றாகிவிடுகிறது. தடுத்திருக்கக் கூடிய சாவையும் அந்தச் சொல் மூடிவிடுகிறது. துறையார் வழங்கும் 'நீத்தார்' என்ற சொல்லே போதும்.

ஒண்டிக்கடை | ஏப்ரல் 15, காலை 11.05

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். தலைப்பில் 'மீட்புப் பணியாளர்' என்று சேர்த்ததற்கு நன்றி. மலையில் தீ என்றால் முதலில் ஓடுகிறவர்கள் செந்நிற வண்டியில் வருகிறவர்கள் அல்லர். வண்டி போகும் பாதையே அங்கே இராது.

மாசி, பங்குனியில் சேர்வராயன் மலைச் சரிவுகளில் தைலப்புல்லும் உண்ணிச்செடியும் மூங்கிலும் காய்ந்து கிடக்கும்போது எங்கோ எறிந்த ஒரு பீடித்துண்டு போதும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும். கீழே எரிவது மேலே உள்ளதைச் சூடேற்றி உலர்த்திவிட்டுப் போவதால் சமவெளியில் நடக்கும் தீ மலையில் ஓடும். பகலில் காற்றும் சரிவேறித்தான் வீசும். வனக்காப்பாளர்களும், வேட்டைத் தடுப்புக் காவலர்களும், தினக்கூலிக்கு வரும் மலையூர் ஆட்களும் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு அந்தச் சரிவில் ஏறித் தீயை அடித்து அணைக்கிறார்கள். தீத்தடுப்புக் கோடு எடுப்பவர்களும் அவர்களே. ஒருமுறை விடியற்காலையில் இறங்கிவந்த காவலர் ஒருவருக்கு எங்கள் கடையில் தேநீர் கொடுத்தேன். அவர் கழற்றிவைத்த செருப்பின் அடிப்பாகம் உருகி, அதில் கரிக்கட்டையும் சரளைக்கல்லும் பதிந்து இறுகியிருந்தன. அவர் தேநீரைக் குடித்துவிட்டு அந்தச் செருப்பையே மாட்டிக்கொண்டு போனார். அன்று இரவு முழுவதும் சேலம் நகரத்து மாடிகளிலிருந்து மலையில் சிவப்பு மாலைபோல் தெரிந்த அந்தத் தீயைப் பலரும் கைபேசியில் படமெடுத்துப் பகிர்ந்திருந்தார்கள். அந்த மாலைக்குள் மனிதர்கள் நிற்கிறார்கள் என்று அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

2020 பிப்ரவரியில் கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் காட்டுத்தீயை அணைக்கப் போன மூன்று வனப் பணியாளர்கள் தீயால் சூழப்பட்டு இறந்தார்கள். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் லின்டன் பகுதியில் 1998 டிசம்பர் 2 அன்று காற்று திசைமாறியதில் ஒரே வண்டியில் இருந்த ஐந்து தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இறந்தார்கள்; அவர்கள் சாவுக்குப் பிறகுதான் மே 4 உலகத் தீயணைப்பாளர் நாளாயிற்று. அந்த ஐவரும் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். வனத்துறையில் இறந்தவர்களுக்கு நம் நாட்டில் செப்டம்பர் 11 தனி நினைவு நாளாக இருக்கிறது. 1730இல் இராசத்தானத்துக் கேஜர்லியில் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிர்விட்ட 363 பிஷ்னோய் மக்களின் நினைவாக அந்த நாளைத் தேர்ந்தார்கள். ஆனால் கூலிக்குத் தழை ஒடித்தவரின் பெயர் எந்தத் துறையின் தூணில் ஏறும்?

ஆகவே, இந்தக் கல் ஏற்காடு அடிவாரத்தில் சோதனைச்சாவடியை ஒட்டி நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறப்போகிற ஒவ்வொரு வண்டியும் அங்கே நின்றுதான் போகிறது.

வெள்ளை வண்டி | ஏப்ரல் 15, இரவு 11.50

நான் 108 ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். இப்போதுதான் பணி முடிந்து வந்தேன், சுருக்கமாக எழுதுகிறேன். 2008இல் தமிழ்நாட்டில் இந்தச் சேவை தொடங்கிய நாள் முதல் வண்டி ஓட்டும் பைலட்டும் நாங்களும் அரசுப் பணியாளர் என்ற கணக்கில் வருவதில்லை. கொரோனாக் காலத்தில் எங்களோடு வேலை பார்த்த பைலட் அண்ணன் ஒருவர் தொற்றால் இறந்தார். அவர் இறந்த மறுநாள் அவருடைய வண்டியில் வேறொரு பைலட் ஏறினார். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே அவர் ஒட்டிவைத்திருந்த முருகன் படம் மட்டும் அப்படியே இருந்தது. எங்களுக்கு நினைவுத் தூணும் இல்லை, நினைவு நாளும் இல்லை. கல்லில் 'அரசுப் பணியாளர்' என்ற வரையறையை மட்டும் வைத்துவிடாதீர்கள் ஐயா. அழைப்பை ஏற்றுப் போனவர் என்பது போதாதா?

மலையடிவாரம் | ஏப்ரல் 16, காலை 7.15

போதும், அம்மா. 'அழைப்பை ஏற்றுப் போனவர்' என்பதை வரையறையாகவே எடுத்துக்கொள்கிறேன். அதைவிடச் சிறந்த ஒன்றை என்னால் எழுத முடியாது. சம்பளப் பட்டியலைப் பார்த்துப் பெயர் சேர்ப்பதை விட்டுவிடுவோம்.

ஆனால் அந்த வரையறைக்குள்ளும் எனக்கு இரண்டு சிக்கல்கள் தெரிகின்றன. 2021 நவம்பரில் நம் கருங்கல்பட்டியில் சமையல் எரிவாயு உருளை வெடித்து வீடுகள் இடிந்ததில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களுள் தீயணைப்புத் துறையில் பணியாற்றியவர் ஒருவரும் உண்டு. அவர் அந்த நேரத்தில் பணியில் இல்லை. அந்தத் தெருவாசியாக இறந்தார். வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுத் தீயை அணைத்தவரைத் தீ அவர் தெருவுக்கே வந்து கொண்டுபோனது என்று சேலத்தார் பலரும் நினைத்து வருந்தினோம். அவர் பெயர் இந்தக் கல்லில் வருமா? நம் வரையறைப்படி வராது. மனம் ஒப்பவில்லை.

மற்றொன்று, பணியில் பெற்ற நோயால் பல ஆண்டுகள் கழித்து இறந்தவர்கள்.

கிச்சிப்பாளையத்து மகள் | ஏப்ரல் 16, பிற்பகல் 3.40

உங்கள் இரண்டாவது கேள்விக்காகவே உறுப்பினராகப் பதிவுசெய்தேன். என் தந்தை தீயணைப்போராக இருந்தவர். நூல் கிடங்கு, ரசாயனக் கிடங்கு, பழைய டயர்க் குவியல் என்று எல்லாத் தீக்கும் போனவர். வீடு திரும்பியதும் கொல்லையில் நின்று சீருடையைக் கழற்றுவார்; அம்மா அதைத் தனியாகச் சிகைக்காய் போட்டு ஊறவைத்தாலும் மூன்று நாளைக்குப் புகைநாற்றம் போகாது. அந்த நாற்றத்தைத்தான் நான் அப்பாவின் வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்று ஐந்தாம் ஆண்டில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் தொடாதவர். பணியின்போது இறந்தவர் அல்லர் என்பதால் ஏப்ரல் 14 அன்று அவரை எவரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று ஒரே நாளில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள் என்பதை அனைவரும் அறிவோம். அந்த இடிபாட்டுப் புழுதியை மூச்சில் வாங்கி அதன்பின் நோயால் இறந்த அந்நகரத் தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கை 2023 செப்டம்பரில் அதே 343ஐ எட்டியது. அங்கே அவர்கள் பெயரையும் நினைவுச் சுவரில் பொறிக்கிறார்கள். என் அப்பாவின் பெயரைப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தப் புகையால் இறந்தவர்களும் இருக்கிறார்கள் என்று ஒரு வரியாவது அந்தக் கல்லில் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற தீயணைப்போர் | ஏப்ரல் 16, மாலை 6.00

மகளே, உன் தந்தையோடு நான் பணியாற்றியிருக்கலாம். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ரசாயனப் புகைக்குள் போன தலைமுறை நாங்கள். உன் கோரிக்கையை நான் வழிமொழிகிறேன்.

கல்லெழுத்து ஐயா எழுதியதையும் பலமுறை படித்தேன். என் முதல் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். காரணம் எழுதிய கல் என்றால் எனக்குச் சம்மதம். காரணம் எழுதாத கல் என்றால் பழையபடி மூச்சுக்கருவிதான். மற்றொன்றும் சொல்ல வேண்டும். செர்னோபில் நகரத்தில், 1986 விபத்தில் முதலில் ஓடியவர்களுக்கான நினைவுச் சின்னத்தைச் சிற்பிகளை அமர்த்தாமல் அங்குள்ள தீயணைப்பு வீரர்களே கான்கிரீட்டில் செய்து நிறுவினார்கள். குழாயைப் பிடித்து நிற்கும் அந்த உருவங்கள் அழகாக இல்லை என்பார்கள்; ஆனால் குழாயைப் பிடித்தவன் செய்தது என்று பார்த்தவுடன் தெரியும். நம் கல்லை நடும்போது குழி வெட்டும் வேலையையாவது எங்களுக்குக் கொடுங்கள். அறுபத்தேழு வயதிலும் கடப்பாரை பிடிக்க முடியும்.

நாலு ரோடு | ஏப்ரல் 16, இரவு 8.25

எல்லாவற்றையும் படித்தேன். நல்ல முயற்சி. எனக்குள்ள கவலை வேறு. நம் ஊரில் எந்தக் கட்டடத்தின் கல்வெட்டைப் பார்த்தாலும் திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் ஆகியோரின் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கும். நினைவுச் சின்னமும் அதற்கு விலக்கில்லை. பின்னர் ஆட்சி மாறினால் அந்தக் கல்வெட்டைத் துணியால் மூடுவதும், சுற்றிக் கம்பிவேலி போடுவதும் நடக்கும். ஆகவே மனுவில் முதல் வேண்டுகோளாகவே இதை எழுத வேண்டும்: திறந்துவைப்பவர் எவராக இருந்தாலும், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அவர் பெயர் அந்தக் கல்லில் இடம்பெறக் கூடாது. வேண்டுமானால் திறப்பு விழாவை ஒரு தாயோ மனைவியோ நடத்தட்டும். அவர்கள் பெயரும் தேவையில்லை.

இடத்தைப் பற்றி: ஐந்து ரோட்டில் வைக்கலாம் என்று என் நண்பர்கள் சொன்னார்கள். மேம்பாலம் வந்தபின் அங்கே கீழே நிற்பவர் எவரும் இல்லை, வேண்டாம். கோட்டை மைதானத்தில் கூட்டமும் போராட்டமும் ஓய்வதில்லை. அடிவாரம்தான் சரி. ஆனால் அங்கே ஓய்வெடுக்கும் குரங்குகளும், வண்டியை நிறுத்தி நொறுக்குத்தீனி பிரிப்பவர்களும் உண்டு. குப்பைத்தொட்டி வைக்காமல் கல்லை மட்டும் வைத்தால் மூன்றே மாதத்தில் அதன் அடியில் பிளாஸ்டிக் சேர்ந்துவிடும்.

கல்லெழுத்து | ஏப்ரல் 17, காலை 6.10

பெயர்களின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு கருத்து. தில்லி சாணக்கியபுரியில் 2018 அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்ட தேசியக் காவலர் நினைவகத்தில் 30 அடி உயரமும் 238 டன் எடையும் கொண்ட ஒற்றைக் கருங்கல்லும், 34,844 பெயர்கள் பொறித்த சுவரும் இருக்கின்றன. அங்கே மனிதன் கல்லுக்கு முன்னால் சிறுத்துப் போகிறான். இலண்டனில் புனித பவுல் பேராலயத்துக்கு அருகில் 1991இல் திறக்கப்பட்ட தீயணைப்பாளர் நினைவகத்தில், தீயோடு போராடும் மூன்று வீரர்களின் வெண்கல உருவத்துக்கு அடியில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 997 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. பின்னர் 2003இல் அமைதிக் காலத்தில் இறந்தவர்களின் பெயர்களையும் சேர்த்தார்கள். குண்டுவீச்சில் இறந்தவரும் சாதாரணக் கிடங்குத் தீயில் இறந்தவரும் ஒரே பீடத்தில் இருக்கலாம் என்று முடிவுசெய்ய அவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நம் கருங்கல்பட்டிக் கேள்விக்கும் அதில் விடை இருப்பதாக நினைக்கிறேன். கல்லின் ஒரு பக்கத்தில் அழைப்பை ஏற்றுப் போய் இறந்தவர்கள். பின்பக்கத்தில், பணியில் பெற்ற நோயால் இறந்தவர்களும் பணிநேரத்துக்கு வெளியே தீயில் இறந்தவர்களும். இரண்டுக்கும் எழுத்தின் அளவு ஒன்றுதான்.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலர் தனிச்செய்தியில் சேலம் உருக்காலையின் துருப்பிடிக்காத தகட்டில் பெயரைப் பொறிக்கலாம் என்றார்கள். ஊர்ப்பற்று நன்றுதான், ஆனால் தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மலைக்கல்லே வேண்டும். சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறை, தென்னாட்டிலிருந்து கொண்டுபோன கல்லால் ஆனது. அந்தக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் ஹாலண்டு, 1893இல் அவர் பெயரையே பாறை வகைக்கு இட்டார். ஒரு கல்லறைக் கல்லிலிருந்து பெயர்பெற்ற பாறை நம் மலை முழுவதும் கிடக்கிறது. அதை மெருகேற்றிப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. எழுத்து வெட்டும் முகத்தை மட்டும் சமன்செய்தால் போதும்.

மலையடிவாரம் | ஏப்ரல் 19, இரவு 9.00

மனுவோடு இணைப்பதற்காகக் கல்லின் வாசகத்துக்கு ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். இறந்தவர்களின் பெயருக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். செய்தித்தாளைப் பார்த்து நாமாக எழுதக் கூடாது. தலைப்பெழுத்து மாறினாலும், 'ர'கரம் 'ற'கரமானாலும் அந்த வீட்டாருக்கு அது அவர் பெயர் ஆகாது. ஒவ்வொரு குடும்பத்தின் ஒப்புதலையும் பெற்று, அவர்கள் கைப்பட எழுதித் தருவதையே பொறிக்க வேண்டும்.

"__________. தீயணைப்போர். 2020 சூலை. பெரம்பலூர் அருகே கிணற்றில் மயங்கியவர்களை மீட்க இறங்கினார். நச்சுக்காற்றால் இறந்தார்."

"__________, __________. தீயணைப்போர். 2020 நவம்பர் 14, தீபாவளி நாள். மதுரையில் பழைய கட்டடத்தில் பற்றிய தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது கட்டடம் இடிந்து இறந்தார்கள்."

"__________. தீயணைப்போர். 2017 சூலை. சென்னை கொடுங்கையூரில் அடுமனையில் பற்றிய தீயை அணைக்கச் சென்று எரிவாயு உருளை வெடித்து இறந்தார்."

2012 சனவரியில் சென்னை எழிலகத் தீயில் இறந்தவருக்கும் இவ்வாறே எழுத வேண்டும். சேலம் மாவட்டத்தில் இறந்தவர்களின் விவரத்தைத் துறையிடமும் வனத்துறையிடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு இன்று விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். பிற ஊர்களில் இறந்தவர்களுக்குச் சேலத்தில் ஏன் கல் என்று எவரேனும் கேட்டால், தீயணைப்போர் மாநிலம் முழுவதற்கும் மாற்றலாகிப் போகிறவர். மதுரையில் இறந்தவர் நாளை நம் தெருவுக்கு வந்திருக்க வேண்டியவர் என்பதே என் பதில். நினைவு நிகழ்ச்சியை ஏப்ரல் 14 அன்று நிலையங்கள் நடத்தட்டும்; அந்த வாரத்தின் கடைசி நாளான 20ஆம் தேதி மாலை பொதுமக்களாகிய நாம் அடிவாரத்தில் கூடி ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படிப்போம். புத்தாண்டுக் கூட்டத்தில் அது மறைந்துபோகாது.

குறைகள் இருந்தால் சொல்லுங்கள்.

வெள்ளை வண்டி | ஏப்ரல் 19, இரவு 11.35

எழுத்துகளை உயரத்தில் வெட்ட வேண்டாம். எங்கள் பைலட் அண்ணனின் மகளுக்கு ஏழு வயது. அவளுக்குக் கை எட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற தீயணைப்போர் | ஏப்ரல் 20, காலை 5.50

வாசகம் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு சேர்க்கை. நிலையத்தில் எந்த அழைப்பு வந்தாலும் முதலில் பதிவேட்டில் நேரத்தைத்தான் எழுதுவோம்: அழைப்பு வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம். இரண்டுக்கும் இடையில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டால் எங்களுக்கு அவமானம். உறங்கிக்கொண்டிருந்தவனும், சாப்பாட்டில் கை வைத்தவனும் அந்த ஒரு நிமிடத்துக்குள் வண்டியில் இருப்பான். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் அந்த இரண்டு நேரத்தையும் பதிவேட்டிலிருந்து எடுத்து வெட்டச் சொல்லுங்கள். திரும்பிய நேரம் என்று மூன்றாவது கட்டம் ஒன்றும் பதிவேட்டில் உண்டு. வண்டி எப்படியும் திரும்பிவிடுவதால் அதில் ஏதாவது ஒரு நேரம் எழுதப்பட்டே இருக்கும். கல்லில் அந்தக் கட்டம் வேண்டாம்.

இன்று மாலை ஐந்து மணிக்கு அடிவாரத்துக்கு வருகிறேன். அளவெடுக்க நாடா கொண்டுவருகிறேன்.